மூன்றாவது மதர்போர்டும் ஒரு வெள்ளாடும்

கேம் விளையாடும் என் கம்ப்யூட்டரில் இந்த வருடம் இரண்டு மதர்போர்டுகள் செத்துவிட்டன. மூன்றாவதை வாங்க இன்று காலை மலையிலிருந்து நாமக்கல்லுக்கு இறங்கினேன்.

ஒரு வாரம் விமர்சனங்களைப் படித்துத் தேர்ந்தெடுத்த மாடலைச் சொன்னேன். கடைக்காரர் பெட்டியை எடுத்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"பழையது ரெண்டும் எப்பப் போச்சுங்க?"

"இடி இடிச்ச அன்னிக்குங்க."

"எந்த ஊருங்க?"

"கொல்லிமலைங்க. திண்ணனூர் நாடு."

துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: "ஊட்டுல இடி கரண்டை மண்ணுல எறக்குற எர்த் கம்பி இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். இருந்தாலும் மனைவிக்கு போன் செய்து கேட்டேன்.

"அந்தக் கம்பியா? ஆடு கட்ட முளை இல்லீன்னு தை மாசமே புடுங்கிட்டனுங்களே. நல்லா உறுதியா நிக்குதுங்க."

கடைக்காரருக்கும் கேட்டுவிட்டது. "எந்த மாடல் வாங்குனாலும் ஒண்ணுதானுங்க" என்றார்.

கம்பியைச் சுவரோரம் பழைய இடத்திலேயே அடித்து ஒயரை மாட்டச் சொல்லிவிட்டு, மதர்போர்டை வாங்கினேன்.

இப்போது பஸ் வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. மேலே மலையைக் காணவில்லை, கரிய மேகம் மட்டும் இருக்கிறது. டிரைவர் பகலிலேயே விளக்கைப் போட்டுவிட்டார்.

சற்று முன் மனைவி அழைத்தாள். "ஒயரை மாட்டியாச்சுங்க. மழைக்கு நனையாதுன்னு ஆட்டையும் அந்தக் கம்பியிலயே கட்டிட்டனுங்க. வெரசா வாங்க, இடி கேக்குது."

அவிழ்க்கச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழைக்கிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

மதர்போர்டு என் மடியில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு மூன்று வருட வாரண்டி. ஆட்டுக்கு எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.