முதல் நாள் ஏழு பேர்

டிசம்பர் 29: 7 பேர்.
டிசம்பர் 30: 41 பேர்.
டிசம்பர் 31: 318 பேர்.

தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் தம் நோட்டில் எழுதிவைத்த கணக்கு இது. வரவேண்டிய படம் தள்ளிப்போனதால், முதலாளி ஒரு புதுப் படத்தை மூன்று நாள் முன்னதாகவே ஓட்டிவிட்டார். மற்ற ஊர்களில் அது ஜனவரியில்தான் வந்தது. விமர்சகர்கள் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டின் சிறந்த பத்துப் படங்களில் அது இல்லையென்றால் தம் முப்பது வருட மீசையை எடுத்துவிடலாம் என்று சலூன்காரரிடம் பந்தயம் கட்டியிருந்தார் டிக்கெட் கிழிப்பவர்.

பத்திரிகையில் பட்டியல் வந்தது. பத்திலும் அந்தப் படம் இல்லை. ‘ஜனவரிப் படம், அடுத்த ஆண்டில் சேரும்’ என்று அடியில் குறிப்பு.

“உக்காருங்க மாமா, பிளேடு புதுசு,” என்றார் சலூன்காரர்.

“பொறு மாப்ளே. டிசம்பர்லயே, முதல் நாள் பார்த்த ஏழு பேர்ல நீயும் ஒருத்தன். இடைவேளைக்கு முன்னாடியே அழுதவன்.”

“கண்ணுல தூசி.”

“ரெண்டு கண்ணுலயுமா?”

நோட்டுப் பக்கத்தை நகலெடுத்து, கிழித்த டிக்கெட் துண்டுகளோடு பத்திரிகைக்கு அனுப்பினார். ‘விசாரிக்கிறோம்’ என்று ஒரு பதில் வந்தது. அதன்பின் தபால்காரர் தெருவில் திரும்பினாலே அவர் கை மீசைக்குப் போனது.

இரண்டாவது கடிதத்தைச் சலூன்காரரே பிரித்து உரக்கப் படித்தார். பட்டியலைத் திருத்திவிட்டார்கள், படத்துக்கு மூன்றாம் இடம்.

“மூணாவதா? இவனுங்க படம் பார்த்தானுங்களா இல்லையா? இன்னொரு கடுதாசி போடுங்க மாமா,” என்று சவரக்கத்தியை மடக்கி வைத்தார்.

மீசையை நன்றாக முறுக்கிவிட்டு, அவர் நோட்டைத் திறந்து எழுதினார்:

பிப்ரவரி 11: கடைசிக் கடிதம் வந்தது.