எனக்கென்று ஒதுங்கிக் கிடந்த சோறு

இதை எழுதலாமா, விடலாமா என்று நாலு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். ஏன்? இந்தக் கதையில் நல்ல பெயர் வாங்குகிறவள் நான் இல்லை… அதுதான்.

போன கிழமை நடந்த ஒன்றுதான் மறுபடி பேனையை எடுக்க வைத்தது. நெளுக்குளத்தில் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்திருந்தார். மதியம் சோற்றுப் பார்சல். அவருக்கு மட்டும் பிளேட், கரண்டி, முள்ளுக்கரண்டி எல்லாம் இரவல் வாங்கி வைத்திருந்தோம். அவர் கரண்டியைத் தொடவே இல்லை. எங்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் குழைத்தார். பாதி வாய்க்கு, பாதி மடிக்கு. பருப்பு முழங்கை வரை வழிந்தது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரித்து முடிந்த பிறகுதான் நெஞ்சில் குத்தியது. கரண்டி பக்கத்தில் இருந்தும் எடுக்காத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க நான் யார்?

சொல்லிவிடுகிறேன்.

முந்தி நாங்கள் முல்லைத்தீவில் இருந்தோம். பக்கத்து வளவு ரஹீமா வீடு. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. நடுவில் கிடுகு வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. இறைச்சி போட முன்னம் எனக்கென்று எடுத்து வைத்த நோன்புக் கஞ்சி அந்தப் பொட்டால் வரும். எங்கள் வீட்டுப் பொங்கல் அதே பொட்டால் போகும். ஆனால் கஞ்சியை என் செம்பில் ஊற்றித்தான் எடுப்பேன். நான் அப்படி வளர்ந்தவள். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை, ஒருவர் கை வைத்த சோற்றில் இன்னொருவர் கை வைப்பதில்லை.

பிறகு, ஆயுதம் வைத்திருந்த இயக்கம் முஸ்லிம் சனங்களை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்ன நாள் வந்தது. ரஹீமா பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து போனாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பொட்டடிக்குக்கூடப் போகவில்லை. பயம்.

பதின்மூன்று வருடம் கழித்து, சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு, அவர்கள் திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட்டார்கள். அதற்குள் நாங்கள் இடம்பெயர்ந்து நெளுக்குளத்துக்கு வந்துவிட்டோம். ஒரு நாள் ஆள் மூலம் கடிதம் வந்தது. வீட்டில் ஓதி ஊருக்குச் சாப்பாடு கொடுக்கிறோம், வா என்று எழுதியிருந்தாள். கடைசி வரி இது: “நீ வந்து ஒரு வாய் திண்டால்தான் நான் திரும்பி வந்த மாதிரி இருக்கும்.”

மாங்குளத்தில் பஸ் மாறிப் போனேன். பையில் வாழைப்பழம், சீனி… அடியில், துவாயில் சுற்றி, என்னுடைய எவர்சில்வர் சோற்றுக்கோப்பை. அவர்களுக்கு ஏன் கரைச்சல் என்றுதான் கொண்டுபோகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்களை நாங்களே ஏய்ப்பதில் எவ்வளவு கெட்டிக்காரர் நாங்கள்!

பெண்களுக்கு உள் அறையில் பாய் விரித்திருந்தது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே கை கழுவ ஊற்றினார்கள். பிறகு சஹன் வந்தது. பெரிய வட்டத் தட்டம். அது நிறையச் சோறு. சுற்றிவர ஐந்தாறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். எங்கள் சஹனில் ரஹீமாவின் மாமி, இன்னும் மூன்று பெண்கள், நான். அவர்கள் பிஸ்மி சொன்னார்கள். நான் மனதுக்குள் ‘முருகா’ என்றேன். கையை நீட்டினேன்.

ஐந்து கை… ஒரே சோற்றிலா?

கையை இழுத்துக்கொண்டேன். அதே கையால் பையைத் திறந்து கோப்பையை வெளியே எடுத்தேன்.

நாலு பேரும் கோப்பையைப் பார்த்தார்கள். வாசலில் தண்ணீர்ச் செம்போடு ரஹீமா நின்றாள். கோப்பையை வாங்கிக் குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவி, சோறு போட்டு வந்து தந்தாள். படலையடியில் திரும்பிப் பார்த்த அதே முகம்.

நான் கோப்பைச் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். மாமிதான் மெதுவாகச் சொன்னா: “மச்சம் படாத சட்டி, மகள். சஹனும் புதுசு. நேற்று அவளே கடைக்குப் போய் வாங்கி வந்தவள்.”

அப்போதுதான் தட்டத்தைச் சரியாகப் பார்த்தேன். கத்தரிக்காய், பருப்பு, அப்பளம். அறையில் மற்றச் சஹனில் எல்லாம் இறைச்சிச் சோறு மணந்தது. இந்த நாலு பேரும் எனக்காக, விருந்து நாளில், கத்தரிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள்!

இன்னொன்றையும் கண்டேன். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் உள்ள சோற்றைத்தான் எடுத்தார்கள். எட்டி எடுப்பது அங்கே மரியாதை இல்லை. சுற்றிவரச் சோறு குறைந்து தட்டம் தெரியத் தொடங்கியது. எனக்கு முன்னால் மட்டும் ஒரு துண்டு, வெட்டி வைத்த கேக் மாதிரி, அப்படியே கிடந்தது. ஒரு பருக்கையில்கூட யாருடைய விரலும் படவில்லை. நான் பயந்த எச்சில் எங்கே?

ரஹீமா வந்து என் பக்கத்தில் இருந்தாள். காலையில் இருந்து அவள் சாப்பிடவில்லை.

“எனக்கும் பசிக்குது. உன்ர பங்கில பாதி நான் தின்னட்டே?”

கோப்பையைத் தள்ளி வைத்தேன். சஹனில் கை வைத்தேன். அவள் அந்தக் கரையால், நான் இந்தக் கரையால். நடுவில் விரலும் விரலும் முட்டின. நான் இழுக்கவில்லை.

“அண்டைக்குப் பொட்டடிக்கு வந்திருக்கலாமடி” என்றாள், சோற்றைக் குழைத்தபடி.

“ஓம். வந்திருக்கலாம்.”

கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டோம். புறப்படும்போது கோப்பையைத் தேடினேன். “அது இங்க கிடக்கட்டும். அடுத்தமுறை சும்மா ஏன் சுமக்கிறாய்?” என்றாள். மாமி வாய்விட்டுச் சிரித்தா. அது குத்தலா, அன்பா? இரண்டும்தான்.

நான் இன்றைக்கும் சைவம்தான். விடியக் குளித்துத் திருநீறு பூசாமல் தண்ணீர் குடிப்பதில்லை. அந்தச் சாப்பாட்டுக்காக முருகன் என்னோடு கோபித்ததாகத் தெரியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றதற்குத்தான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சண்டை மறுபடி தொடங்கி, பாதையும் பூட்டு. அவர்கள் எப்படி இருக்கிறார்களோ தெரியாது. கோப்பை அங்கே இருக்கிறது என்பதுதான் என் நம்பிக்கை.

இதை யாருக்காவது சொல்வீர்களானால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பிறகு கை வைத்ததை மட்டும் சொல்லி என்னை நல்லவளாக்கிவிடாதீர்கள்… முதலில் கையை இழுத்தேன், அதையும் சொல்லுங்கள்.