பூ விழாத நாள்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் தானாக முடிவு செய்ததில்லை. போர் போடுவதா, மாட்டை விற்பதா, எதுவானாலும் இண்டூர்ப் பக்கம் எங்கள் காட்டோரம் இருக்கும் அம்மனைத்தான் கேட்போம். நனைத்த சாமந்தியை அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டிவிட்டு எதிரே உட்கார வேண்டியதுதான். வலது பூ முதலில் விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம்.

பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தபோதும் அப்பா, "பூ கேட்டுட்டுத்தான் அனுப்புவேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்தது நான், போகப்போவதும் நான். என்னை விட்டுவிட்டுக் கல்லைக் கேட்பானேன்? இருந்தாலும் போய் உட்கார்ந்தேன்.

அன்று எந்தப் பூவும் விழவில்லை. காற்று அடித்தது, வேப்பம்பழம் உதிர்ந்தது, பூ மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தது. சரியான கல்லுளிமங்கி என்று மனதுக்குள் அம்மனைத் திட்டினேன். வெயில் தாழ்ந்து, பூ காய்ந்து சுருண்ட பிறகும் விழாதபோது பயம் வந்துவிட்டது.

"இவ விசயத்துல ஆத்தா வாயே தொறக்க மாட்டேங்கறா" என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப நீயே சொல்லு."

அதுவரை அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. "போறேங்கப்பா" என்றேன். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

அதன் பிறகு அவர்கள் அங்கே பூ கேட்கப் போகவில்லை. எனக்குப் போன் செய்தார்கள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் திருப்பி ஏதாவது கேட்டால் அப்பா பதில் சொல்ல மாட்டார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், காத்திருப்பார். ஒருநாள், "கன்னுக்குட்டிய குடுத்தறலாமுங்களா?" என்றார். பெற்ற மகளிடம் 'ங்க' போட்டுப் பேசுகிறார்.

போன மாதம் தங்கைக்கு மாப்பிள்ளை முடிவு செய்ய என்னை வரச் சொன்னார்கள். காலையில் தங்கை எனக்குத் தலை பின்னிவிட்டு, தோட்டத்துச் சாமந்தி ஒன்றைச் செருகினாள். "எனக்கு அவரப் புடிக்கலக்கா. நீ சொன்னாத்தான் கேப்பாங்க" என்றாள். அவளையே கேளுங்கள் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தேன்.

கூடத்தில் எல்லோரும் என் எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். "இந்த மாப்பிள்ளைக்கே குடுத்தறலாமுங்களா?" என்று அப்பா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவர்கள் கண்ணெல்லாம் என் முகத்தை விட்டு இறங்கி, தோளில் நின்றது. தலையிலிருந்த சாமந்தி நழுவி, வலது தோளில் பட்டு மடியில் விழுந்தது.

"உத்தரவு குடுத்துட்டா" என்றார் அப்பா. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலைங்கப்பா!" என்று கத்தினேன். அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்க உள்ளே போனாள்.

தங்கை மட்டும் எழுந்திருக்கவில்லை. அன்று அந்தக் கல்லை நான் பார்த்த அதே கோபத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.