ஓசி மாத்திரை

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதும் எனக்குப் பொருளாதாரம் தெரிந்துவிட்டது. என் வரிப்பணத்தில் ஊரெல்லாம் இலவச வைத்தியம் பார்த்துக்கொண்டால் நாடு எங்கே உருப்படும் என்று கேன்டீனில் தினமும் கேட்பேன். அந்தக் கேன்டீன் சாப்பாடே கம்பெனி போடும் இலவசம்தான். அது மட்டும் என் கணக்கில் வராது.

சித்தூரில் இருந்த என் அப்பா, நைனா, மாங்கூழ் ஃபேக்டரியில் உழைத்து ஓய்ந்தவர். மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பிரஷர் மாத்திரை வாங்கி வருவார். எங்கள் சர்ச் ஆட்கள் பாதிப் பேரை அங்கேதான் பார்க்கலாம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓர் அம்மா, மகன் இவ்வளவு சம்பாதித்தும் ஐயா ஏன் வரிசையில் நிற்கிறார் என்று என்னிடம் கேட்டார். கேட்டவரும் அதே வரிசையில் நிற்பவர்தான். ஆனாலும் எனக்கு மானம் போயிற்று.

அன்றோடு நைனாவுக்கு ஆஸ்பத்திரி தடை. கடையில் விலை உயர்ந்த மாத்திரையாக வாங்கி, பில்லோடு சேர்த்துக் கொடுத்தேன்; தீர்ந்ததும் கேட்கச் சொன்னேன். பாசத்துக்கு ஆதாரம் வேண்டாமா?

எட்டு மாதம் போனது. ஒரு காலை நைனாவுக்கு வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இலவச ஆம்புலன்ஸில் திருப்பதி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன், ஊசி, படுக்கை எல்லாம் இலவசம். நாடு உருப்படுவதைப் பற்றி அன்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நைனா பிழைப்பாரா, பேசுவாரா என்றுதான் நர்ஸம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பயம்.

நான்காம் நாள் பேச்சு குழறலாகத் திரும்பியது. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாகப் பில்களை எடுத்து நீட்டினேன். நைனா தலையை ஆட்டி மறுத்தார்.

"கடை மாத்திரை ரொம்ப வெல சார். புள்ள துட்டு போவுதேன்னு ஒருநாள் வுட்டு ஒருநாள் துன்னுகினு இருந்தேன். ஆஸ்பத்திரி மாத்திரைன்னா தெனம் துன்னிருப்பேன்."

டாக்டர் பில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே மருந்துதான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். என்னால் நைனாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நைனாவால் இப்போது நிற்க முடியாது. மாதம் ஒருநாள் லீவு போட்டு அந்த வரிசையில் நான் நிற்கிறேன். அதற்குக் கம்பெனியில் சம்பளம் பிடிக்கிறார்கள். அதை நைனாவிடம் சொல்வதில்லை.