வலது பாதியை அட்டையால் மூடியவர்

அந்தோணிசாமி காலமான செய்தி வந்தபோது நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் துவாக்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து கலா போன் செய்தது. "அண்ணே, சார் பல் விளக்கும்போதே சாஞ்சுட்டாராம். ஆபீசுக்கு வராதீங்க, நேரா கே.கே. நகர் அவர் வீட்டுக்கு வந்துடுங்க." பொய் சொல்ல மாட்டேன், கண்ணில் தண்ணீர் வரவில்லை. அந்த ஆளுடைய கம்ப்யூட்டரில் இனி யாரால் உட்கார முடியும் என்றுதான் முதலில் யோசித்தேன்.

முப்பதாம் நாள் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி கேட்டார்கள். நல்லதாக எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் உள்ளதை எழுதுகிறேன். மனுஷன் கர்வி. எங்கள் பட்டறையின் டிராயிங் ரூமில் பெரியவர் அவர்தான், உலகத்துக்கே பெரியவர் என்று நினைப்பு. காலேஜில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் திரையின் ஓரத்தில் உள்ள சின்னப் படங்களை மவுஸால் தேடித் தேடி அழுத்தினால், பின்னால் நின்று, "என்னங்க, கடையில பொம்மை பார்க்கறீங்களா?" என்பார். அது ஒன்றில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகும்.

நான் எட்டாவதுதான். ஆனால் இரும்புத் தகட்டில் சாக்பீஸால் குறி போடுவதில் திருச்சி ஜில்லாவிலேயே எனக்கு ஈடு கிடையாது. சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் என் குறியை அளந்து பார்த்துவிட்டு, தன் அளவுகோல்தான் தப்பு என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷம் அப்படி நின்றதில் முட்டி போய்விட்டது. முதலாளி கூப்பிட்டார். "டிராயிங் ரூம்ல உட்காருங்க வரதன். மூணு மாசத்துல கம்ப்யூட்டர்ல வரையக் கத்துக்கணும். இல்லைன்னா கேட்டுல வாட்ச்மேன் வேலைதான் இருக்கு." சாக்பீஸ் பிடித்த கை விசில் பிடிப்பதா?

கற்றுத்தரும் பொறுப்பு அந்தோணிசாமிக்கு. அவர் முதல் நாள் செய்த காரியம், கீபோர்டின் வலது பாதி எழுத்துகளை நாட்காட்டி அட்டை ஒன்றை வெட்டி மூடியது. எண்கள் மட்டும் வெளியே தெரியும். "வலது கை மவுஸை விட்டு வரக் கூடாது. கட்டளை எல்லாம் இடது கைதான் கொடுக்கணும். இடது கை எதுக்குங்க இருக்கு, கன்னத்துல வைக்கவா?" என்றார். காப்பிக்கு 'சி', நகர்த்துவதற்கு 'வி', நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டை நறுக்க 'டி.ஆர்.' ஒன்பதே நாளில் அத்தனையும் என் விரலில் ஏறிவிட்டது. மற்றவர்கள் ஆறு மாதம் திணறினார்கள். நான் கொடுத்த கட்டளையைக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அதை நானே அவரிடம் சொன்னேன். "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். ஒரு பாராட்டு வாயில் வராது.

மூன்றாம் மாதம் பரீட்சை. வாடிக்கையாளர் கம்பெனி எஞ்சினீயர் ஒருவரை முதலாளி அழைத்து வந்து, மீட்டிங் ரூமில் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தார். ஒரு தகடு, அதில் இருபத்துநாலு ஓட்டை. ஒரு ஓட்டை வரைந்தால் போதும், மற்றதெல்லாம் காப்பி. அந்தோணிசாமி சொல்லித்தந்தபடி வட்டத்துக்கு 'சி'யை இரண்டு தடவை அழுத்தி ஓட்டையை வரைந்தேன். அடுத்து காப்பிக்கு ஒரு 'சி'. ஒரு வட்டம் வந்தது. மறுபடி 'சி'. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். கோட்டை நறுக்கப் பார்த்தேன், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. எஞ்சினீயர் எட்டிப் பார்த்து, "ஐயா, மார்கழிக்கு இன்னும் நாள் இருக்குங்களே. இப்பவே கோலமா?" என்றார். முதலாளி என்னைப் பார்க்காமல் வெளியே கேட்டைப் பார்த்தார்.

வியர்த்துப்போய் எழுந்து வந்தேன். கலாதான் விஷயத்தைச் சொன்னது. ஊர் உலகத்தில் எல்லாம் 'சி' என்றால் வட்டமாம். காப்பிக்கு 'சி'யோடு 'ஓ'வும் அடிக்க வேண்டுமாம். அந்தோணிசாமி தன் வசதிக்குக் கட்டளைகளை எல்லாம் மாற்றி ஒரு ஃபைலில் எழுதிவைத்து, அதையே எனக்கும் போட்டுவிட்டிருக்கிறார். நேரே போய்க் கேட்டேன். "ஊரெல்லாம் ஒரு பக்கம், நீங்க மட்டும் ஒரு பக்கமா?"

தலை நிமிரவில்லை. "ஊர் பழக்கம் தப்புங்க. 'ஓ' எங்க இருக்கு? அந்தக் கோடியில. அதுக்குக் கை அவ்வளவு தூரம் போகணுமா?"

"என் வேலை போயிடும் சார்."

அவர் எழுந்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு மீட்டிங் ரூமுக்குப் போனார். தன் ஃபைலை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். "இப்ப போடச் சொல்லுங்க" என்று எஞ்சினீயரிடம் சொல்லிவிட்டு, நின்று பார்க்கக்கூட இல்லாமல் போய்விட்டார். எஞ்சினீயர் கையிலிருந்த வடையைப் பாதி கடிப்பதற்குள் இருபத்துநாலு ஓட்டையும் முடிந்தது. அந்த ஆள் மீதி வடையை மென்றாரா என்று எனக்கு ஞாபகமில்லை.

நாற்காலி தங்கியது. ஆனாலும் நான் அவரை மன்னிக்கவில்லை. உலகத்துக்கே பொதுவான வித்தையைக் கற்றுத்தராமல் தன் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தவரை எப்படி மன்னிப்பது? பதினோரு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்துகொண்டு இதைத் தினமும் அவர் காதில் விழும்படி சொன்னேன். தினமும் "அப்படியா?" என்றார்.

போன வாரம் கலா அவர் கம்ப்யூட்டரைப் பொது வழக்கத்துக்கு மாற்ற உட்கார்ந்தது. அந்த ஃபைலைத் திறந்து படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டது. "அண்ணே, இங்க பாருங்க. கோடு நறுக்க 'டி.ஆர்.'னு இருக்கு, சரி, அது ஊரெல்லாம் அடிக்கிறதுதான். 'ஆர்.டி.'ன்னாலும் நறுக்கு, 'டி.டி.'ன்னாலும் நறுக்கு, 'டி.எஃப்.'னாலும் நறுக்குன்னு கீழே வரிசையா எழுதியிருக்காரு. இதெல்லாம் யார் அடிக்கிறது?"

நான் குனிந்து பார்த்தேன். அந்த வரிசைக்கு மேல் அவரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'வரதனுக்கு.' கீழே மொத்தம் பதினேழு தப்பு, அத்தனையும் என் விரலுடையது.

இதையும் அந்த மனுஷன் வாய் திறந்து சொல்லவில்லை. என்னைப் பதினோரு வருஷம் பீற்றிக்கொள்ள விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கர்வி என்று சொன்னேனே, அதை நான் திருத்தப் போவதில்லை.

"உங்க மெஷினையும் மாத்திடவாண்ணே?" என்று கலா கேட்டது. கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். அந்தப் பென்டிரைவ் இப்போது என் ஸ்ரீரங்கத்து வீட்டுச் சாவிக்கொத்தில் இருக்கிறது. அவசரத்தில் இன்றும் தப்பாகத்தான் அழுத்துகிறேன். கோடு சரியாகத்தான் நறுக்குகிறது.