மண் மூட்டையைத் தூக்கச் சொன்னது நான்தான்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் மல்வேர்ன் பக்கத்துப் பூங்கா ஒன்றில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் சேர்ந்து உதைபந்தாட்டப் போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் அணிக்கு நான்தான் கோச்.

யாழ்ப்பாணத்தில் நான் கல்லூரி அணியின் கோல் கீப்பர். கனடாவுக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தூக்கி முழங்கால் போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. அந்த வாயை நம்பித்தான் கோச் ஆனேன் என்று என் மனைவி இப்போதும் சொல்வாள்.

எங்கள் கல்லூரிக் கோல் கீப்பர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்க முன்னர் எம்பிப் பாய்ந்து, கோலின் மேல் கம்பத்தைப் பிடித்து இரண்டு தரம் ஊஞ்சல் ஆடிவிட்டு இறங்க வேண்டும். 'இது என் வீடு' என்று எதிரணிக்குக் காட்டுவது மாதிரி. அங்கே கம்பங்களை மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்திருப்பார்கள். நாலு பேர் தொங்கினாலும் அசையாது. இங்கேயும் என் கோல் கீப்பரை அப்படித்தான் பழக்கினேன். அவனுக்கு இருபத்தாறு வயது, பாய்ச்சலில் கெட்டிக்காரன். ஒருநாள் தொங்காமல் நின்றான் என்று, "தொங்காட்டி நீ என்ரை கீப்பர் இல்லை" என்று எல்லார் முன்னாலும் பேசியிருக்கிறேன்.

அன்று அரையிறுதி ஆட்டம். முதல்நாள் மழையில் ஒரு கோலுக்கு முன்னால் ஒரே சேறு. கோலைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி, நல்ல புல்லில் வைப்போம் என்றேன். இந்த ஊர்க் கோல்கள் புதைத்தவை அல்ல, புல்லின்மேல் சும்மா நிற்கும் இரும்புச் சட்டங்கள். பின்பக்கத்துக் கீழ்க் கம்பியில் நாலு மண் மூட்டைகள் கிடந்தன.

மண் மூட்டையைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? ஆமிக்காரனின் காவலரண்தான். "இஞ்சையும் சென்றி போட்டு வைச்சிருக்கிறாங்களடா! தூக்கி எறியுங்கோ உதுகளை!" என்று கத்தினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூட்டைகளை இழுத்து வேலியோரம் எறிந்தோம், கோலைத் தள்ளி வைத்தோம். அந்த மூட்டைகள் எதற்காக அங்கே கிடந்தன என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

நடுவர் மைதானத்துக்குள் வந்தார். என் கீப்பர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கையால் மேலே காட்டினேன். அவன் பாய்ந்து கம்பத்தைப் பிடித்து முன்னால் ஒரு ஆட்டம் ஆடினான். முழுக் கோலும் அவனோடு சேர்ந்து முன்னால் சரிந்தது.

ஐயோ, அந்தச் சத்தம்! அவன் மல்லாக்க விழுந்து கிடக்க, அவன் முகத்தின்மேல் இரும்புக் கம்பம். கால் இரண்டும் அசையவில்லை. ஊரிலிருந்து வந்து நாலே மாதமான அவன் மனைவி, கையில் அவனுடைய ஜாக்கெட்டோடு ஓடி வந்தாள். செத்துப்போனான் என்றே நினைத்தேன். கம்பத்தைத் தூக்கியவர்கள் மற்றவர்கள், நான் இல்லை.

அம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. பூங்கா ஊழியர் ஒருவர் வந்து, மூட்டைகளை யார் எடுத்தது என்று என்னிடம்தான் கேட்டார். தெரியாது என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே திடுக்கிட்டது.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இன்னும் இரண்டு விரல் கீழே பட்டிருந்தால் குரல்வளை, ஆள் தப்பியிருக்கமாட்டார் என்றார் டாக்டர். பல் இரண்டு வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பேச முடியாது, குழாயால் உறிஞ்சித்தான் சாப்பாடு. அவன் எழுதிக் காட்டட்டும் என்று தலைமாட்டில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்திருந்தார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவன் மனைவி அழுதழுது அவனையே ஏசினாள். "குரங்கு மாதிரி உதிலை ஏறித் தொங்கச் சொல்லி ஆர் கேட்டது?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் யன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு தினமும் போனேன். சூப் வைத்துக் கொண்டுபோனேன், அவனுடைய வேலையிடத்துக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவன் வீட்டுக்கு வந்த பிறகு சாமான் வாங்கிக் கொடுத்தேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவன் மனைவி தேத்தண்ணி தருவாள், குடித்துவிட்டு வருவேன்.

ஒன்பதாம் நாள் அவர்களின் அப்பார்ட்மென்ட்டில் இருந்தேன். அவளுடைய சித்தப்பா ஒருவர் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "கலியாணம் கட்டின ஆம்பிளை செய்யிற வேலையோ உது? உம்மை நம்பித்தானே பெட்டையைக் குடுத்தனாங்கள்!" என்று அவனைப் பிடித்துக்கொண்டார். அவன் தலையைக் குனிந்தபடி இருந்தான். கொப்பி அவன் மடியிலேயே கிடந்தது. பேனையை அவன் தொடவில்லை.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அவனை ஒண்டும் சொல்லாதேங்கோ அண்ணை. தொங்கச் சொன்னது நான். கோல் விழாமல் வைச்சிருந்த மண் மூட்டையைத் தூக்கி எறியச் சொன்னதும் நான்தான்" என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். என் கன்னத்தில் இரண்டு போட்டு, வெளியே போ என்று அவன் மனைவி சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் அவனுடைய மடியிலிருந்த கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். கோணல் மாணலான எழுத்து. 'கோச் அண்ணை சொல்லித்தான் தொங்கினனான். நீ ஒண்டும் கேக்காதை. அவரே சொல்லுவார்.'

"அண்டைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியாலை வெளிக்கிட்ட உடனை எழுதிக் காட்டினவர்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அவன் பிறகும் என் அணிக்கு விளையாடினான். நானும் பல வருடம் கோச்சாக இருந்தேன், கோல் சட்டத்தைக் கையால் ஆட்டிப் பார்க்காமல் ஒருவனையும் கிட்டப் போகவிட்டதில்லை. ஆனால் கம்பம் விழுந்த அந்த நிமிடத்தைவிட, எல்லாம் தெரிந்துகொண்டே அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த அந்த ஒன்பது நாட்களை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.