கன்னிக்கு விழுந்த வாரியல் அடி

நேற்று கருங்கல் ஊர்ச் சந்தையில் பிச்சிப்பூ வாசனை அடித்தது. என்னவோ போலிருக்க, இரண்டு முழம் வாங்கிவிட்டேன். வீட்டில் பூ வைக்க ஆளில்லை. கிழவனுக்கு இந்த வயதில் பூவாசை என்று பஸ் கண்டக்டர் நினைத்திருப்பான்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பிச்சிப்பூ தங்கம்மைக்கு உரியது. எனக்கு நேர் இளையவள். பதினான்கு வயதில் காய்ச்சலில் போனாள். கல்யாணமாகாமல் போன பெண் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டுக்குக் கன்னி, அதாவது தெய்வம். மேற்கு அறையில் ஓர் ஓலைப்பெட்டி; அதில் அவளுக்குப் பாவாடை, தாவணி, வளையல். ஆண்டுக்கொரு நாள் அம்மா புதுத்துணி மாற்றி வைத்து, பாயசம் படைத்து, "வந்தியா மக்கா?" என்று கேட்பாள். பதில் கிடைத்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். பேய் என்ற சொல்லை அந்த அறையில் யாரும் சொன்னதில்லை.

அதைத்தான் நான் கதையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அப்போது மதராஸில் ஒரு பேசும்படக் கம்பெனியில் வசனத்தைப் பார்த்துப் பகர்த்தி எழுதும் குமாஸ்தா நான். முதலாளி கதையைப் படித்துவிட்டு மாயாஜாலப் படமாக எடுக்கலாம் என்றார். கன்னி பேயானாள். கோமாளி ஒருவன் வாரியலால், அதாவது துடைப்பத்தால், அவளை அடித்து விரட்டும் காட்சியும் சேர்ந்தது. எங்கள் ஊரில் கன்னி வேறு, பேய் வேறு என்று சொல்லிப் பார்த்தேன், மெதுவாகத்தான். பட்டிக்காட்டு ஜனங்களுக்காகத்தானே எடுக்கிறேன், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்றார். வாரியல் காட்சியைப் பகர்த்தியது இந்தக் கைதான். ஒத்திகையில் எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். தங்கம்மை என்ற பெயரையாவது மாற்றச் சொல்லியிருக்கலாம். பட நோட்டீஸில் என் பெயர் வருமா என்ற கவலையில் அது தோன்றவில்லை.

படம் கருங்கல் கொட்டகைக்கு வந்தபோது லீவு போட்டு வந்தேன். கஞ்சி போட்ட ஜிப்பாவுடன் வாசலில் நின்றேன், யாராவது விசாரிக்க மாட்டார்களா என்று. அம்மா தலைக்குக் குளித்து, மடியில் பூவுடன், தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளைப் பார்க்கப் போகிறோம் என்றே நினைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை.

திரையில் வெள்ளைச் சேலையில் அவள் தோன்றியதும் அம்மா எழுந்து குலவையிட்டாள். மணலில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பூக்கள் திரையில் போய் விழுந்தன. பிறகு கோமாளி வாரியலுடன் வந்தான். கொட்டகையில் ஒரு சத்தமில்லை. ஜனங்களுக்கு விளங்கவில்லை என்று கொட்டகைக்காரர் முன்னால் வந்து, இது வெறும் பேய்தான், தாராளமாகச் சிரிக்கலாம் என்று அறிவித்தார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "புள்ளைய எதுக்கு மக்கா வாரியலால அடிக்கியான்?"

சும்மா கதைதான் என்றேன். இன்றைக்கும் அந்த வாயை நினைத்தால் எனக்கு வெறுப்பு வருகிறது.

அடுத்த ஆண்டு படையல் நாளில் அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அடிச்ச வீட்டுக்கு அவ வருவாளா?" என்றாள். சாகும்வரை பெட்டியைத் திறக்கவே இல்லை.

பெட்டியைக் கறையான் தின்றது. படச்சுருளும் எங்காவது மக்கிப் போயிருக்கும், ஒழியட்டும். தங்கம்மையை யாரும் போட்டோ எடுத்ததில்லை. இப்போது அவளை நினைத்துக் கண்ணை மூடினால், பவுடர் அப்பிய அந்த மதராஸ் நடிகைதான் வந்து நிற்கிறாள். என் தங்கையின் முகம் எனக்கு மறந்துபோயிற்று.